ஒரு சைக்கிள் எவ்வளவு சுமக்கும்?

பரந்தன் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை. கிளிநொச்சியில் ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போய்விட்டு யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ் பிந்தியதால் மூன்று பேரும் அந்தக் கடையில் ஒதுங்கியிருந்தோம். வெயில் சாயத் தொடங்கிய நேரம், வெளிநாட்டுச் சோடி ஒன்று இரண்டு சைக்கிள்களில் வந்து இறங்கியது. முன்சில்லுக்கு இரண்டு பக்கமும் பை, பின்சில்லுக்கு இரண்டு பக்கமும் பை, கரியருக்கு மேலே சுருட்டிக் கட்டிய கூடாரம். தண்ணிப் போத்தல் மட்டும் மூன்று. அவர்கள் உள்ளே வந்து பிளேன்ரீ கேட்டார்கள்.

கடைக்கார ஐயாவுக்கு எழுபது வயதாவது இருக்கும். ஆத்திக்கொண்டிருந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். சைக்கிளை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். கரியரைப் பிடித்து ஆட்டினார். பின்சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கம்பிகளை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, "எத்தினை கிலோ ஏத்தியிருக்கினம் எண்டு கேளுங்கோ பிள்ளையள்" என்றார். கேட்டோம். ஒரு சைக்கிளில் சாமான் மட்டும் நாற்பது கிலோ வரும் என்றார்கள்.

"நாப்பதோ? உவ்வளவு வாய்ப்பான சைக்கிளில நாப்பதோ?" ஐயாவுக்குச் சிரிப்பு. "தொண்ணூறுகளில நான் ஒரு ஆளையும் அவற்றை ரெண்டு பாக்கையும் ஏத்திக்கொண்டு உந்தப் பூநகரி றோட்டால கரைக்கு மிதிச்சனான். எங்கட றலிக்குப் பின்சில்லுக்கு நாப்பது கம்பி. உதுக்கு முப்பத்தாறுதான். எண்ணிப் பாருங்கோ."

எண்ணிப் பார்த்தோம். முப்பத்தாறுதான். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டோம். ஆனால் அந்த நாற்பது கம்பிக் கணக்கு எங்களை விடவில்லை. நாங்கள் மூன்று பேரும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள். ஒருவருக்கும் தன்னுடைய சைக்கிளில் எத்தனை கம்பி என்று தெரியாது.

அந்தச் சோடி கொண்டுவந்த சைக்கிள்களில் ஒன்று அமெரிக்காவின் சேர்லி கம்பனியுடைய ‘லோங் ஹோல் ட்ரக்கர்’. தொலைதூரச் சுமைப் பயணம் என்று பேச்செடுத்தால் இருபது வருடமாக முதல் வாயில் வரும் பெயர்களில் அதுவும் ஒன்று. ட்ரக்கர் என்றால் லொறி ஓட்டுபவர். சைக்கிளுக்கு லொறிக்காரரின் பெயரை வைத்தவர்களுக்குத் தாங்கள் எதைச் செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. குரோமியமும் மொலிப்டினமும் கலந்த 4130 என்ற உருக்குக் குழாயால் செய்த உடம்பு. பெடல் அச்சிலிருந்து பின்சில்லின் அச்சுவரை 46 சென்ரிமீற்றர். ஓட்டப்பந்தயச் சைக்கிளில் இது 41 சென்ரிமீற்றர் அளவில்தான் இருக்கும். அந்த ஐந்து சென்ரிமீற்றர் எதற்கு? பின்னால் பை தொங்கும்போது மிதிப்பவரின் குதிக்கால் அதில் அடிபடக் கூடாது. பாரம் பின் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால் முன்சில்லு நிலத்தை விட்டுக் கிளம்பப் பார்க்கும், அதுவும் நடக்கக் கூடாது. பின்பக்கக் குழாயில் மேலதிகக் கம்பிகளைச் செருகி வைக்க ஒரு சின்ன இடமும் இருக்கிறது. பாதிவழியில் கம்பி தெறிக்கும் என்பதை முதலே ஒப்புக்கொண்டு செய்த சைக்கிள்.

ஏன் உருக்கு? இந்தக் கேள்விக்கு எங்கள் ஊர் ஒட்டுக்கடைக்காரர் எவரும் பதில் சொல்லுவார். அலுமினியம் பாரம் குறைவு, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு குலுக்கலையும் அது உள்ளுக்குள்ளே சேர்த்து வைத்துக்கொண்டு போகும். ஒருநாள் சொல்லாமல் வெடிக்கும். நல்ல உருக்கு, அளவுக்குள் இருக்கிற குலுக்கலை எத்தனை இலட்சம் தரமும் தாங்கும். அளவு மீறினால் பெரும்பாலும் முதலில் வளையும், நெளியும், கிறீச்சிடும். முறிந்தாலும் வெல்டிங் கடை இருக்கிற எந்த ஊரிலும் ஒட்டிக்கொண்டு மேலே போகலாம். அலுமினியத்தை ஒட்டினால் இழந்த உறுதியைத் திரும்பக் கொடுக்க அதைச் சூளையில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். பாலைவனத்து ஊரில் அதற்கு எங்கே போவது?

இந்தச் சைக்கிளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழமையாக இங்கிலாந்தில் தொடங்குவார்கள். 1878இல் அங்கே சைக்கிள் சுற்றுலாக்காரருக்கென்று ஒரு சங்கம் தொடங்கிவிட்டது. அப்போது இன்றைய வடிவச் சைக்கிளே இல்லை. முன்சில்லு ஆளுயரம், பின்சில்லு சாப்பாட்டுக் கோப்பை அளவு. அப்படிப்பட்ட ஒரு வண்டியில்தான் தோமஸ் ஸ்டீவன்ஸ் 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் கடந்து, துருக்கி, பாரசீகம், இந்தியா, சீனா என்று போய் 1886 டிசம்பரில் ஜப்பானின் யோகொகாமாவில் முடித்தார். கொண்டுபோனது மாற்றுச் சேட்டு, காலுறை, கூடாரமாகவும் படுக்கையாகவும் பாவித்த ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. சைக்கிளில் உலகத்தைச் சுற்றிய முதல் ஆள் என்று அவரைச் சொல்வார்கள். பாரம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. பணம் இருந்தது, வெள்ளைத் தோல் இருந்தது, துப்பாக்கியும் இருந்தது. மற்றச் சாமான்களை வழியில் இருந்தவர்கள் கொடுத்தார்கள்.

பாரத்தைப் பற்றி உண்மையாக யோசித்தவர் பிரான்சின் சென் எத்தியென் நகரத்துப் போல் து விவி. ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதியவர். 1887இல் சைக்கிளுக்கென்று ஒரு சஞ்சிகை தொடங்கினார். மலைக்குச் சாமானோடு ஏறவேண்டும் என்றால் கியர் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க எழுதிக்கொண்டிருந்தார். பந்தயக்காரருக்கு இது பிடிக்கவில்லை. கியர் கிழவருக்கும் பெண்களுக்கும் உரியது என்பது அந்தக் காலத்துப் பேச்சு. பிரான்ஸைச் சுற்றும் பெரிய பந்தயத்தில் சங்கிலியை மாற்றும் கியரை 1937 வரை அனுமதிக்கவே இல்லை. இன்றைக்குப் பந்தயச் சைக்கிளின் பெருமையே கியர்தான். அது சுமை ஏற்றியவர்களிடமிருந்து போன பொருள். வெலோசியோ அதைக் காணவில்லை. 1930இல் ட்ராம் வண்டி அடித்து இறந்துபோனார்.

1936இல் பிரான்சில் தொழிலாளருக்கு முதன்முறையாகச் சம்பளத்தோடு இரண்டு கிழமை லீவு சட்டமானது. அந்தக் கோடையில் பட்டறைகளிலிருந்து ஆணும் பெண்ணும் கூடாரத்தைக் கரியரில் கட்டிக்கொண்டு கடலைப் பார்க்கப் போனார்கள். பலருக்கு அதுதான் முதல் கடல். சைக்கிள் வரலாற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்த காட்சி இது.

பிறகு வருகிறவர்களில் இரண்டு பேரைச் சொல்லாமல் விட ஏலாது. அயர்லாந்தின் டேர்வ்லா மேர்ஃபிக்குப் பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு தேசப்படப் புத்தகமும் கிடைத்தன. இந்தியாவுக்குச் சைக்கிளில் போவது என்று சில நாட்களிலேயே முடிவெடுத்தார். நோயாளித் தாயைப் பராமரித்துக்கொண்டு இருபது வருடம் காத்திருந்து 1963இல் புறப்பட்டார். தன் சைக்கிளுக்கு ‘றோஸ்’ என்று பெயர். புறப்படமுதல் அதிலிருந்த மூன்று கியரையும் கழற்றி எறிந்துவிட்டார். ஆசிய றோட்டுகளுக்கு அது தாங்காது என்பது அவருடைய கணக்கு. வெலோசியோ கேட்டால் மனம் நொந்திருப்பார். மற்றவர் ஜேர்மனியின் ஹைன்ஸ் ஷ்ருக்க. 1962இல் வீட்டை விட்டுப் போனவர், 2014இல்தான் ஊர் திரும்பினார். ஆறு இலட்சம் கிலோமீற்றருக்கு மேல். பெரும்பகுதி ஒரே உருக்குச் சைக்கிளில். அது மட்டுமே 25 கிலோ, சாமான் அதைவிடக் கூட. உடம்பு முறிய முறிய வெல்டிங் செய்து செய்து ஓட்டியிருக்கிறார்.

இவர்களை எல்லாம் ஆசையோடுதான் வாசித்தோம். ஆனால் இவர்கள் எல்லாரும் போகவேண்டும் என்று நினைத்துப் போனவர்கள். பரந்தன் ஐயாவின் சைக்கிள் இந்தக் கதைக்குள் எங்கேயும் வரவில்லை.

அவருடைய சைக்கிளும் இங்கிலாந்தில் பிறந்ததுதான். நொட்டிங்ஹாமில் றலி என்ற தெருவில் இருந்த சின்னப் பட்டறையை 1880களின் கடைசியில் பிராங்க் பௌடன் வாங்கிப் பெரிய தொழிற்சாலை ஆக்கினார். 1950களின் தொடக்கத்தில் அது வருடத்துக்குப் பத்து இலட்சம் சைக்கிள் செய்தது. பெரும்பகுதி ஏற்றுமதி. எங்கள் தாத்தாமாரிடம் இருந்த றலி, ஹம்பர், றட்ஜ் எல்லாம் அந்த வரிசையில் வந்தவை. பிறகு இந்தியத் தயாரிப்புகளும், இங்கேயே செய்த லுமாலாவும் வந்தன. 28 அங்குலச் சில்லு, சாய்ந்த ஹாண்டில் குழாய், நீளமான உடம்பு, கிட்டத்தட்ட 20 கிலோ பாரம். முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40. இந்தக் கணக்கை வைத்தவர்களுக்குப் பாரம் எங்கே விழும் என்று தெரியும். ஐயா சொன்னது சரி.

குறையும் சொல்லவேண்டும். கம்பிப் பிறேக் மழை நாளில் பிடிக்காது, காலைத்தான் நிலத்தில் ஊன்ற வேண்டும். கியர் இல்லை. கண்டிப் பக்கம் கொண்டுபோனால் சைக்கிளைக் காவிக்கொண்டுதான் ஏறவேண்டும். யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. ஆனால் சோளகம் இருக்கிறது. வைகாசி, ஆனி மாதங்களில் செம்மணி வெளியில் எதிர்க்காற்றில் மிதித்துப் பார்த்தவர்களுக்கு அதுவும் ஒரு மலைதான் என்று தெரியும்.

அப்படியிருந்தும் ஊரே அதில்தான் ஓடியது. பெட்டி கட்டிய மீன்காரர், பாண்காரர், விடியப்புறம் சுன்னாகம் சந்தைக்குக் கத்தரிக்காய் மூட்டை கொண்டுபோகிறவர், ஆளைவிட உயரமாக விறகு அடுக்கிக் கட்டிக்கொண்டு வருகிறவர். பழைய ரியூப்பை நீளமாக வெட்டிய பட்டிதான் கயிறு. கயிறு தொய்யும், ரப்பர் பட்டி தொய்யாது. பாரமானதைக் கீழே, உடம்போடு ஒட்டி வைக்கவேண்டும் என்பதை ஒருவரும் புத்தகத்தில் படிக்கவில்லை. இன்றைய சுற்றுலாச் சைக்கிள்களில் முன்சில்லின் அச்சு உயரத்தில் பை தொங்குகிறதே, அதுவும் அதே பாடம்தான்.

சைக்கிள் எவ்வளவு சுமக்கும் என்ற கேள்விக்கு உலகம் அறிந்த பதில் வியட்நாமில் இருக்கிறது. 1954இல் தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படை கோட்டை கட்டி இருந்தது. சுற்றிவரக் காடும் மலையும். அவ்வளவு தூரத்துக்கு வியட் மின்னால் அரிசியும் வெடிமருந்தும் கொண்டுவர முடியாது என்பது பிரெஞ்சுத் தளபதிகளின் நம்பிக்கை. கொண்டுவந்தார்கள். லொறிகளும் இருந்தன, ஆனால் லொறி போக முடியாத இடமெல்லாம் சைக்கிள் போனது. ஏறத்தாழ இருபதாயிரம் சைக்கிள். அவற்றில் பேஜோ போன்ற பிரெஞ்சுச் சைக்கிள்களும் இருந்தன. பிரான்ஸ் தன் குடியேற்ற நாட்டுக்கு விற்ற சைக்கிளே பிரான்ஸைத் தோற்கடிக்க அரிசி சுமந்தது.

அந்தச் சைக்கிள்களை ஒருவரும் மிதிக்கவில்லை, தள்ளினார்கள். இருக்கைக்குப் பின்னால் நட்டுக்கு ஒரு தடி கட்டினார்கள், சாயாமல் பிடித்துத் தள்ள. ஹாண்டிலில் ஒரு நீண்ட மூங்கிலைக் கட்டினார்கள், பக்கத்தில் நடந்தபடியே திருப்ப. உடம்பை மரத்தாலும் இரும்பாலும் உறுதியாக்கினார்கள். ரயருக்குள் பழந்துணி சுற்றினார்கள். ஒரு சைக்கிளில் சாதாரணமாக 200 கிலோ, சிலர் 300 கிலோவுக்கு மேலும் ஏற்றினார்கள். ஒரு மனிதர் தோளில் காவுவது இதில் பத்தில் ஒரு பங்குதான். மே 7ஆம் திகதி கோட்டை வீழ்ந்தது.

இதை வாசித்தபோது எங்களுக்குப் புல்லரித்தது, மறைக்கவில்லை. இந்தக் கதையைச் சொல்லும் ஆண்கள் எல்லாருக்கும் குரல் கொஞ்சம் உயரும், எங்களுக்கும் உயர்ந்தது. ஆனால் அது ஒரு படையின் வழங்கல் பாதை. வென்ற கதை, அதனால் அருங்காட்சியகத்தில் அந்தச் சைக்கிள் நிற்கிறது. எங்கள் ஊர்ச் சைக்கிள்கள் சுமந்தது வேறு. அவற்றுக்கு அருங்காட்சியகம் இல்லை.

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி என்று நீண்ட ஒரு பட்டியலை அரசாங்கம் தடைசெய்தது. ஓடிய மோட்டார் சைக்கிளும் மொறிஸ் மைனரும் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயும் கள்ளவிலை. மிச்சம் எல்லாம் சைக்கிளின் தலையில் விழுந்தது. நோயாளி, பிரசவத்துக்குப் போகிறவர், சவப்பெட்டி, கலியாண மாப்பிள்ளை, எல்லாம்.

பற்றரி இல்லாத ஊரில் செய்தி கேட்பது எப்படி? சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி நிறுத்தி, டைனமோவைச் சில்லில் அழுத்தி, வயரை றேடியோவுக்குக் கொடுத்து, வீட்டில் ஒரு பெடியன் பெடலைச் சுத்தவேண்டும். பிபிசி தமிழோசை முடியும்வரை சுத்தவேண்டும். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். பரந்தனில் அந்த வெளிநாட்டுப் பெண், தன் சைக்கிளின் முன்னச்சுக்குள் டைனமோ இருக்கிறது, அதில் போன் சார்ஜ் பண்ணுவேன் என்று பெருமையாகக் காட்டினார். நாங்கள் மொழிபெயர்த்தோம். ஐயா தலையை ஆட்டி, "ஓமோம், உதில நாங்கள் பிபிசி கேட்டனாங்கள்" என்றார். அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டோம்.

ஆனையிறவு மூடிக் கிடந்தது. பூநகரியிலும் படைமுகாம் வந்தபிறகு சங்குப்பிட்டிப் பாதையும் போனது. குடாநாட்டிலிருந்து வெளியே போகக் கொம்படி, ஊரியான் பக்கம் சேற்றுக்குள்ளாலும் தண்ணீருக்குள்ளாலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு கிளாலி. இரவில், வெளிச்சம் இல்லாமல், வள்ளத்தில் கடலேரியைக் கடக்கவேண்டும். 1993 ஜனவரி 2ஆம் திகதி அந்தக் கடலில் கடற்படை தாக்கிப் பயணிகள் பலர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் ஆட்கள் போனார்கள், வேறு வழியில்லை. கொழும்பில் நேர்முகப் பரீட்சை, வெளிநாட்டுப் பிள்ளையின் கடிதம், பென்சன், கண் ஒப்பரேசன். அக்கரையில் இறங்கினால் வன்னி. அங்கே கூலிக்கு ஆள் ஏற்றச் சைக்கிள்காரர் நிற்பார்கள். பரந்தன் ஐயா அவர்களில் ஒருவர். "ஆள் நூறு கிலோ எண்டாலும் ஏத்துவன். ஆனா ஆடாமல் இருக்கோணும். பாரம் ஆடினா கம்பி போம்" என்று எங்களுக்குச் சொன்னார். சைக்கிளின் இயல்பைப் பற்றி நாங்கள் பிறகு வாசித்த எதுவும் இதைவிடத் தெளிவாக இல்லை.

பிறகு 1995 ஒக்டோபர் 30. வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளியேறவேண்டும் என்று ஒலிபெருக்கியில் புலிகள் அறிவித்துக்கொண்டு போனார்கள். படை கிட்ட வந்திருந்தது. ஒரு இரவுக்குள் இலட்சக்கணக்கான சனம் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்குப் போனது. மழை. எங்களில் ஒருவருடைய அம்மா கொக்குவிலில் இருந்து புறப்பட்டவர். அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. தன்னுடைய லேடீஸ் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு அம்மப்பாவின் பழைய றலியை எடுத்தா. ஏன் என்று கேட்டோம். "அதுக்குத்தானே பார் இருக்கு. பாருக்குள்ள அரைமூட்டை அரிசியை வைக்கலாம். லேடீஸில அது ஏலாது" என்றா. கரியரில் அம்மம்மா. அவவுக்கு முழங்கால் வாதம், நடக்க ஏலாது. பாரில் துவாய் சுத்தி அதில் மூன்று வயது அண்ணா. ஹாண்டிலில் ஒரு பக்கம் சட்டி பானை, மற்றப்பக்கம் ஒரு ஷொப்பிங் பாக்கில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் அம்மாவின் ஏலெவல் றிசல்ட்ஸும்.

பாரம் ஏற்றிய சைக்கிள் ஓடும்போது கஷ்டம் தராது என்று அம்மா சொன்னா. நிற்கும்போதுதான் கஷ்டம். அன்றைக்கு சனம் ஓரடி எடுத்து வைக்கும், பத்து நிமிசம் நிற்கும். ஸ்ராண்ட் போட ஏலாது, போட்டால் அம்மம்மாவோடு சேர்த்துச் சாயும். இரண்டு கையாலும் ஹாண்டிலைப் பிடித்து, இடுப்பால் இருக்கையை முண்டு கொடுத்துக்கொண்டு நிற்கவேண்டும். பின்னால் வந்த யாரோ ஒரு அண்ணா இருட்டில் கரியரைப் பிடித்துக்கொண்டே பாலம் தாண்டும்வரை வந்திருக்கிறார். முகம் தெரியாது, பெயரும் கேட்கவில்லை. வியட்நாமில் தடி கட்டிச் செய்த வேலையை இங்கே ஒரு மனிதர் செய்தார். சாதாரண நாளில் இரண்டு மணித்தியாலம் மிதிக்கும் தூரம், மீசாலை போய்ச்சேர அடுத்தநாள் பின்னேரம் ஆகிவிட்டது.

ஒக்டோபர் 30 என்று எழுதும்போது இன்னொரு ஒக்டோபர் 30ஐயும் எழுதத்தான் வேண்டும். ஐந்து வருடத்துக்கு முதல், 1990இல், அதே நாளில்தான் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம் அளவில். வீடு, கடை, நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கையில் சில நூறு ரூபாயோடும் உடுபுடவையோடும் போகச் சொன்னார்கள். எங்களுடைய இடப்பெயர்வுக் கதைகளில் எதைக் கட்டினோம், எதை விட்டோம் என்ற பட்டியல் எப்போதும் வரும். அரிசி, உறுதி, தையல் மெசின், சாமிப்படம். அந்த மக்களுக்குக் கட்டுவதற்கு எதையும் விடவில்லை. இதை நாங்கள் வளர்ந்தபிறகுதான், அதுவும் புத்தளத்தில் இருந்து வந்த ஒரு நண்பர் சொல்லித்தான் சரியாக அறிந்தோம். பள்ளிக்கூடத்திலும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. சைக்கிளின் வரலாற்றை எழுதவந்த இடத்தில் இது எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சுமந்து போனதைச் சொல்கிறவர்கள் சுமக்கவிடாததையும் சொல்லவேண்டும் என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

2009 பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. போர் முடிந்தபின் முள்ளிவாய்க்கால் பக்கம் துருப்பிடித்த சைக்கிள்கள் மலைபோலக் குவிந்துகிடந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். வன்னி முழுக்கச் சுமந்துகொண்டு வந்து, கடைசியில் உடம்பை மட்டும் கொண்டுபோகிற இடத்தில் விடப்பட்டவை. அந்தப் படத்தில் கரியர்களைப் பாருங்கள். சிலவற்றில் ரப்பர் பட்டி இன்னும் சுத்தியபடி இருக்கும்.

இப்போது லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுப்பது சுகம். பழைய றலியைப் பழைய இரும்புக்காரர் கிலோக் கணக்கில் வாங்குகிறார். அதே நேரம், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உருக்குச் சைக்கிளுக்கு, எந்த ஊரிலும் ஒட்டலாம், எவ்வளவும் ஏற்றலாம் என்று சொல்லிப் பெரிய விலை வைக்கிறார்கள். இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. அந்த வெளிநாட்டுச் சோடியின் பயணத்தையும் நாங்கள் குறைத்துப் பார்க்கவில்லை. எங்களுக்கும் ஒருநாள் பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைவரை பையைக் கட்டிக்கொண்டு போக ஆசை இருக்கிறது. ஆசைப்பட்டுப் போவது எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டும்.

போன மாதம் கொக்குவில் வீட்டுக்குப் போனோம். அம்மப்பாவின் றலி பின்விறாந்தையில் விறகுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மீசாலைக்குப் போய், 1996இல் திரும்பி வந்த அதே சைக்கிள். ரயர் இரண்டும் பொடியாகிவிட்டது. இருக்கைத் தோலைக் கறையான் தின்றுவிட்டது. பின்சில்லின் கம்பிகளை எண்ணினோம். முப்பத்தொன்பது இருந்தது, ஒன்று தெறித்த துளை வெறுமையாக இருந்தது.

சத்தம் கேட்டு அம்மா குசினிக்குள்ளால் வந்தா. ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, கரியரை இரண்டு கையாலும் பிடித்து ஒருதரம் நன்றாக ஆட்டிப் பார்த்தா.

"கரியர் இன்னும் இறுக்கமாத்தான் இருக்கு" என்றா.